கூண்டிலிருந்து ரிங்குக்கு: இரண்டு மாத அவகாசம் போதுமா?

கேள்வி: மாஸ்டர், எனக்கு 24 வயது. கோவையில் நான்கு வருடமாக எம்எம்ஏ (குத்தும் உதையும் மல்யுத்தமும் கலந்த கூண்டுச் சண்டை) பழகுகிறேன். அமெச்சூரில் ஐந்து சண்டை போட்டு நான்கில் ஜெயித்தேன். அதில் மூன்று கைக்குத்திலேயே முடிந்தவை. இப்போது ஒரு ஏற்பாட்டாளர் புரொஃபஷனல் பாக்ஸிங்கில் ஆறு ரவுண்டு சண்டை ஒன்று தருவதாகச் சொல்கிறார். பணம் ஐம்பதாயிரம். இரண்டு மாதம்தான் இருக்கிறது. எதிராளி மாநில அளவில் ஆடிவிட்டு வந்த பாக்ஸர், புரொஃபஷனலாக மூன்று சண்டை ஜெயித்திருக்கிறார். என் கோச் வேண்டாம் என்கிறார். நண்பர்களோ, "நகானு ஃப்யூரியையே கீழே தள்ளவில்லையா, உனக்கு என்ன பயம்?" என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

தம்பி, உங்கள் கோச் சொல்வதுதான் சரி. இந்த எதிராளியோடு, இந்தத் தேதியில், ஆறு ரவுண்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பாக்ஸிங் பக்கமே வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வருவதற்கு வழி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் நண்பர்கள் காட்டுகிற அந்த வீடியோவைப் பேசிவிடுவோம், ஏனென்றால் இப்போது என்னிடம் வரும் எம்எம்ஏ பையன்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

2023 அக்டோபர் 28, ரியாத். எம்எம்ஏவின் பெரிய அமைப்பான யுஎஃப்சியில் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்துவிட்டு வெளியே வந்த பிரான்சிஸ் நகானு, தன் முதல் புரொஃபஷனல் பாக்ஸிங் சண்டையிலேயே பாக்ஸிங் ஹெவிவெயிட் சாம்பியன் டைசன் ஃப்யூரியோடு மோதினார். மூன்றாவது ரவுண்டில் ஒரு இடது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து), ஃப்யூரி கீழே. பத்து ரவுண்டு முடிந்தபோது நடுவர்களில் ஒருவர் 95-94 என்று நகானுவுக்கே கொடுத்தார். மற்ற இருவர் 95-94, 96-93 என்று ஃப்யூரிக்குக் கொடுத்ததால் அவர் தப்பித்தார். நகானுதான் ஜெயித்தார் என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த இரவில் நகானு செய்தது சாதாரண காரியம் இல்லை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அடுத்த வீடியோவையும் நண்பர்களிடம் கேளுங்கள். 2024 மார்ச் 8, அதே ரியாத், அதே நகானு. எதிரே ஆந்தனி ஜோஷுவா. முதல் ரவுண்டில் ஒரு தடவை கீழே, இரண்டாவது ரவுண்டில் இரண்டு தடவை கீழே. இரண்டாவது ரவுண்டிலேயே சண்டை முடிந்துவிட்டது. இடையில் ஐந்து மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அந்த மனிதரின் பலம் குறையவில்லை, குத்தின் வேகமும் குறையவில்லை. பின்னே என்ன மாறியது?

எதிரே நின்றவர் மாறினார். ஃப்யூரி அந்தச் சண்டைக்கு வந்தபோது அவர் மனம் அதற்கு அடுத்த சண்டையில் இருந்தது. இன்னொரு ஹெவிவெயிட் சாம்பியனான உசிக்கோடு மோத ஏற்கெனவே கையெழுத்து ஆகியிருந்தது. தளர்ந்த உடம்போடு, ஒரு வேடிக்கைச் சண்டைக்கு வந்தவர் போலத்தான் ரிங்குக்குள் வந்தார். ஜோஷுவாவின் நிலைமை வேறு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர், தன் பெயரை மறுபடி தூக்கி நிறுத்த வேண்டிய கட்டத்தில் இருந்தவர். அதோடு நகானு பாக்ஸிங்கில் எப்படி நிற்பார், எப்போது கை கீழே வரும் என்பதற்குப் பத்து ரவுண்டு வீடியோ அவர் கையில் இருந்தது. நகானு இடங்கை ஆட்டக்காரர் மாதிரி கால் மாற்றி நின்றபோது ஜோஷுவா நேராக வலது கையை அனுப்பினார். இடங்கை நிலையில் நிற்பவருக்கு வலது நேர்க்குத்து என்பது எங்கள் பயிற்சிக்கூடத்தில் சின்னப் பையன்களுக்கே சொல்லிக்கொடுக்கும் பாடம். அதில் மர்மம் எதுவும் இல்லை.

அதாவது, எதிராளிக்கு உங்களைத் தெரியாது என்ற சாதகம் ஒரு தடவைதான் கிடைக்கும். உங்கள் விஷயத்தில் அந்த ஒரு தடவைகூடக் கிடைக்குமா என்று யோசியுங்கள். உங்கள் சண்டைகளெல்லாம் இணையத்தில் இருக்கும். எதிராளியின் கோச் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தால் போதும்.

இன்னொன்று. நகானு எம்எம்ஏவிலிருந்து பாக்ஸிங்குக்குத் தாவியவர் என்று சொல்வதே பாதி உண்மைதான். கேமரூனில் பாத்தியே என்ற ஊரில் சிறு வயதிலேயே மணல் குவாரியில் வேலை செய்தவர். 22 வயதில் பாக்ஸிங் பழக ஆரம்பித்தார். பாக்ஸர் ஆகவேண்டும் என்றுதான் நாட்டைவிட்டுக் கிளம்பி பாரிஸ் போய்ச் சேர்ந்தார். எம்எம்ஏ பழகச் சொல்லி அங்கேதான் அவரைத் திருப்பினார்கள். அவருக்குப் பாக்ஸிங் பழைய கனவு.

சரி, இனி கானர் மெக்ரெகருக்கு வருவோம். உங்களைப் போலக் கைக்குத்தை நம்பிப் போனவர்களில் பெரிய பெயர் அவர்தான். 2017 ஆகஸ்ட் 26, லாஸ் வேகாஸ். எதிரே ஃப்லாய்ட் மேவெதர், 40 வயது, இரண்டு வருடம் ரிங்குக்கு வெளியே இருந்தவர், அதுவரை 49 சண்டையில் 49 வெற்றி. மெக்ரெகர் 29 வயது, யுஎஃப்சி சாம்பியன். முதல் ரவுண்டை மூன்று நடுவர்களும் மெக்ரெகருக்கே கொடுத்தார்கள். கீழிருந்து மேலே வரும் ஒரு அப்பர்கட் அழகாகவே இறங்கியது. கைத்தட்டல் பலமாக இருந்தது.

அந்த முதல் மூன்று ரவுண்டில் மேவெதர் என்ன செய்தார் என்று பாருங்கள். ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை! கார்டை, அதாவது முகத்தைக் காக்கும் கைகளை, உயர்த்திக்கொண்டு, எதிராளியைக் குத்தவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது ரவுண்டிலிருந்து முன்னால் நடக்க ஆரம்பித்தார். எந்தக் காலத்திலும் பின்வாங்கி ஆடிப் பேர் வாங்கிய மனிதர், மெக்ரெகரை நோக்கி நடந்தார். எட்டு, ஒன்பதாவது ரவுண்டுகளில் மெக்ரெகரின் கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பத்தாவதில் நடுவர் நிறுத்திவிட்டார். மெக்ரெகர் 430 குத்து விட்டு 111 இறக்கினார். மேவெதர் 320 விட்டு 170 இறக்கினார். அதிகம் உழைத்தவர் யார், பலன் பார்த்தவர் யார் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

எம்எம்ஏவில் ஐந்து நிமிட ரவுண்டு, அதனால் பாக்ஸிங்கின் மூன்று நிமிடம் சுலபம் என்று நினைப்பவர்களுக்காக இதை நீட்டிச் சொல்கிறேன். எம்எம்ஏவில் ஐந்து நிமிடத்துக்குள் பிடித்து நிறுத்தும் நேரம் உண்டு, கூண்டில் சாய்த்து அழுத்தும் நேரம் உண்டு, தரையில் கிடந்து மூச்சு வாங்கும் நேரம் உண்டு. பாக்ஸிங்கில் கட்டிப்பிடித்தால் நடுவர் வந்து பிரித்துவிடுவார். மறுபடி கால், மறுபடி தோள். முழு மூன்று நிமிடமும் ஒரே சதைகள்தான் வேலை செய்கின்றன. உங்கள் மூச்சு தாங்கும், தோள் தாங்காது. நாலாவது ரவுண்டில் இடது கை தானாகவே இறங்கும்; இறங்கியது உங்களுக்கே தெரியாது.

அப்புறம் நிற்கும் விதம். எம்எம்ஏவில் நீங்கள் ஏன் காலை அகட்டி, மார்பைக் கொஞ்சம் நேராகக் காட்டி, தூரம் விட்டு நிற்கிறீர்கள்? உதை வரும், காலைப் பிடித்துக் கவிழ்க்க வருவார்கள் என்பதற்காக. அந்தத் தூரம் உங்கள் உடம்பில் ஊறியிருக்கிறது. பாக்ஸருக்கு அந்தத் தூரம் தேவையே இல்லை. ஒரு அடி உள்ளே வந்து நிற்பார், உங்களுக்கு அது நெருக்கடியாக இருக்கும், அவருக்கு அது வீடு. அந்த அகட்டிய நிலையிலிருந்து நீங்கள் ஒவ்வொரு தடவையும் பாய்ந்துதான் குத்த வேண்டியிருக்கும். பாய்ந்தால் பாதம் முதலில் கிளம்பும், அதைப் பார்த்தே பாக்ஸர் ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) வைத்துவிடுவார்.

தலையும் அப்படித்தான். கூண்டில் தலையைக் குனிந்தால் முழங்கால் முகத்துக்கு வரும் என்ற பயத்தில் நீங்கள் தலையை நிமிர்த்தியே பழகியிருப்பீர்கள். அங்கே அது நல்ல பழக்கம். எங்களிடம் இடுப்புக்கு மேலே உடம்பை வளைத்து, சரிந்து, குனிந்து எழுவதில்தான் பாதி தற்காப்பு இருக்கிறது. கையுறையும் சேர்ந்துகொள்ளும். நாலு அவுன்ஸ் கையுறையில் கார்டுக்கு நடுவே குத்து நுழைந்துவிடும், அதனால் நீங்கள் தட்டிவிட்டும் விலகியும் தப்பிப்பீர்கள். எட்டு, பத்து அவுன்ஸ் கையுறைக்குப் பின்னால் ஒரு பாக்ஸர் ஒளிந்துகொள்ள முடியும். கூண்டில் ஒரே குத்தில் ஆளைச் சாய்த்த உங்கள் வலது கை இங்கே கையுறையிலும் முழங்கையிலும் போய் மோதும். மெக்ரெகர் சண்டைக்கு நெவாடா ஆணையம் வழக்கமான பத்து அவுன்ஸை விட்டுவிட்டு எட்டு அவுன்ஸுக்கு விலக்குக் கொடுத்தது. அது அவருக்குச் சாதகம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒன்றும் நடக்கவில்லை. டென்னிஸ் பந்தில் சிக்ஸர் விளாசுகிறவரைக் கார்க் பந்துக்கு முன்னால் நிறுத்தினால் அவர் கைப்பலம் அப்படியேதான் இருக்கும், பந்து எங்கே எழும்பும் என்பதுதான் தெரியாது.

யாருமே ஜெயித்ததில்லையா என்று கேட்பீர்கள். ஜெயித்திருக்கிறார்கள். எம்எம்ஏவிலிருந்து வந்த ஆண்டர்சன் சில்வா 2021 ஜூனில், 46 வயதில், மெக்ஸிகோவின் குவாதலஹாராவில் ஜூலியோ சீசர் சாவேஸ் ஜூனியரைப் புள்ளியில் வென்றார். சாவேஸ் ஜூனியர் ஒரு காலத்தில் உலக சாம்பியன். பார்க்கவே சுகமான சண்டை அது. நின்றுகொண்டு ஆடும் ஆட்டத்தில் சில்வாவுக்கு இருந்த அழகு யாருக்கும் வராது. ஆனால் அந்தக் கட்டத்தில் சாவேஸ் ஜூனியர் எடையைக்கூட ஒழுங்காகக் கொண்டுவரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே சில்வா அடுத்த வருடம் ஜேக் பாலிடம் தோற்றார், எட்டாவது ரவுண்டில் கீழேயும் விழுந்தார். அதே 2021 செப்டம்பரில் எம்எம்ஏகாரர் விட்டர் பெல்ஃபோர்ட், பழைய பாக்ஸிங் சாம்பியன் ஹோலிஃபீல்டை முதல் ரவுண்டில் முடித்தாரே என்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். ஹோலிஃபீல்டுக்கு அப்போது 58 வயது. அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, அதை ஏற்பாடு செய்தவர்கள் வெட்கப்பட வேண்டும்.

ஜேக் பாலைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். யூடியூப் பையன்தானே என்பீர்கள். ஆனால் உங்களுக்கு அவர்தான் நல்ல பாடம். அவர் பென் ஆஸ்க்ரெனை முதல் ரவுண்டில் முடித்தார், டைரன் வுட்லியை இரண்டு தடவை வென்றார், இரண்டாவதில் ஆறாவது ரவுண்டில் நாக் அவுட். நேட் டயஸைப் பத்து ரவுண்டு ஆடிப் புள்ளியில் வென்றார். இவர்கள் எல்லோரும் எம்எம்ஏவில் பெரிய ஆட்கள், வுட்லி யுஎஃப்சி சாம்பியனாக இருந்தவர். ஆட்களைப் பொறுக்கி எடுத்துத்தான் ஆடினார் பால், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் முழுநேரமாகப் பாக்ஸிங்கை மட்டும் சில வருடம் பழகிய ஒரு சுமாரான ஆள், மல்யுத்தமும் உதையும் தரை ஆட்டமும் சேர்த்துப் பழகிய பெரிய வீரர்களைப் பாக்ஸிங் விதியில் வெல்ல முடிந்தது. உங்கள் எதிராளி மாநில அளவு பாக்ஸர். ஜேக் பாலை விட அவர் எவ்வளவு காலம் ரிங்கில் இருந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

வேறு கலையிலிருந்து பாக்ஸிங்குக்கு வந்து உண்மையாகவே கோலோச்சியவர்கள் என்றால் தாய்லாந்துக்காரர்கள்தான். சேன்சக் முவாங்சுரின் 1975இல் தன் மூன்றாவது புரொஃபஷனல் பாக்ஸிங் சண்டையிலேயே உலகப் பட்டம் வாங்கினார். சமார்ட் பயாகரூன், தாய்லாந்தின் உதைச்சண்டையான முவாய் தாயில் லும்பினி அரங்கின் பட்டங்களைக் குவித்துவிட்டு 1986இல் டபிள்யூபிசி என்ற பாக்ஸிங் அமைப்பின் உலகப் பட்டத்தையும் எடுத்தார். அது ஏன் அவர்களுக்கு முடிந்தது? முவாய் தாய் ஆடுவதும் கயிறு கட்டிய ரிங்கில்தான், கையுறை போட்டுத்தான், மூன்று நிமிட ரவுண்டில்தான். சின்ன வயதிலிருந்தே சண்டை மேல் சண்டை போட்டு வளர்கிறார்கள். கீழே உருளும் ஆட்டம் அவர்களுக்கு இல்லை. உங்கள் ஐந்து அமெச்சூர் சண்டையை அதோடு ஒப்பிட முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இதெல்லாம் பாக்ஸிங் உயர்ந்தது என்று சொல்வதற்காக இல்லை. 2010இல் ஜேம்ஸ் டோனி என்ற அருமையான பாக்ஸர் யுஎஃப்சிக்குள் போனார். எம்எம்ஏ வீரர் ராண்டி கோட்டூர் அவரை உடனே தரையில் சாய்த்து, முதல் ரவுண்டிலேயே கழுத்தை நெரித்து, தோல்வியை ஒத்துக்கொண்டு தட்ட வைத்துவிட்டார். நாங்கள் அந்தப் பக்கம் போனாலும் அதே கதிதான்.

இனி உங்கள் விஷயம். எனக்கு அதிகக் கவலை தருவது தோல்வி இல்லை. எம்எம்ஏவில் நீங்கள் அடிபட்டு விழுந்தால் எதிராளி மேலே பாய்வார், நடுவர் சில நொடியில் நிறுத்திவிடுவார். பாக்ஸிங்கில் எட்டு வரை எண்ணுவார்கள், நீங்கள் எழுந்து நிற்பீர்கள், சண்டை தொடரும். ஏற்கெனவே குலுங்கிய மூளைக்கு மேலும் அடி விழும். தற்காப்பு தெரியாதவர் ஆறு ரவுண்டு நின்றுவிட்டால் அதைத்தான் நான் மோசமான முடிவு என்பேன். உங்களுக்குத் தைரியம் இருக்கிறது என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது, அதனால்தான் சொல்கிறேன்.

ஏற்பாட்டாளர் ஏன் உங்களைத் தேடி வந்தார் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். கோவையில் உங்களுக்காக டிக்கெட் வாங்க நண்பர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாக்ஸரின் கணக்கில் நாலாவது வெற்றி ஏற வேண்டும். மெக்ரெகருக்கு மேவெதரோடு மோதிய அந்த ஓர் இரவுக்கு உறுதியான தொகை மட்டுமே மூன்று கோடி டாலர். தோற்றாலும் கவலைப்படாத அளவுக்குப் பணம். உங்களுக்குத் தருவதாகச் சொல்லும் ஐம்பதாயிரத்தில் ஒரு எம்ஆர்ஐ ஸ்கேனும் இரண்டு மாதச் சாப்பாடும் கழித்துப் பாருங்கள்.

பாக்ஸிங் ஆடவேண்டும் என்ற ஆசை உண்மையானால் இப்படிச் செய்யுங்கள். உங்கள் ஊரில் அமெச்சூர் பையன்கள் வருகிற ஒரு பாக்ஸிங் கூடத்தில் சேருங்கள். எம்எம்ஏ நண்பர்களோடு கையால் மட்டும் ஆடிப் பார்ப்பது ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) ஆகாது, அவர்களும் உங்களைப் போலவேதான் நிற்பார்கள். முதல் சில மாதம் உங்கள் வலது கையை மறந்துவிடுங்கள். காலும் ஜாபும் மட்டும். கயிற்றுக்கு எதிரே முதுகு வந்தால் எப்படி வெளியேறுவது என்று பழகுங்கள். கூண்டின் வலையில் சாய்ந்து நிற்கலாம், ரிங்கின் மூலையில் நிற்க முடியாது, இதை எம்எம்ஏகாரர்கள் கற்றுக்கொள்ள வெகு நாளாகிறது. பெரிய கையுறை, தலைக்கவசம் போட்டு, ரவுண்டுக்கு ஒரு புது ஆளாக மாற்றி ஆறு ரவுண்டு ஸ்பாரிங் செய்து வீடியோ எடுங்கள். ஐந்தாவது ரவுண்டை மட்டும் பாருங்கள். இடது கை கன்னத்தில் இருக்கிறதா, முன்கால் இன்னும் அகட்டியே கிடக்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் சண்டை அமெச்சூரில், புதியவர்கள் பிரிவில் இருக்கட்டும். புரொஃபஷனலாகக் கையெழுத்துப் போட்டபின் அமெச்சூருக்குத் திரும்புவதில் சிக்கல் வரலாம், அதனால் எதிலும் கையெழுத்துப் போடும் முன் மாவட்டச் சங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வருடம் இப்படிப் போகட்டும் என்பது என் கணக்கு. அதுவரை எம்எம்ஏ சண்டை வைத்துக்கொள்ளாதீர்கள், கால் இரண்டு பக்கமும் இழுபடும்.

இத்தனைக்குப் பிறகும் இந்த வாய்ப்பை விட மனம் வரவில்லை என்றால், ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: இந்தச் சண்டையை எந்த அமைப்பு அங்கீகரிக்கிறது, ரிங் அருகே டாக்டர் யார், ஆம்புலன்ஸ் நிற்குமா, சண்டைக்கு முன் கண் பரிசோதனையும் தலை ஸ்கேனும் யார் செலவில். ஆறு ரவுண்டை நான்காகக் குறைக்கச் சொல்லுங்கள். தேதியை நாலு மாதம் தள்ளச் சொல்லுங்கள். எதிராளியாக, உங்களைப் போலவே முதல் சண்டை ஆடுகிற ஒருவரைக் கேளுங்கள். நேர்மையான ஏற்பாட்டாளர் இதில் எதற்கும் கோபப்பட மாட்டார். மழுப்பினால் அதுவே பதில், உங்கள் கோச்சிடம் சொல்லிவிட்டு விலகிவிடுங்கள். ஒத்துக்கொண்டால் புது எதிராளியின் சண்டை வீடியோவையும் உங்களுடைய அந்த ஐந்தாவது ரவுண்டையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.